இல்லாத நாய்க்கு ஒரு மாலை

எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பெங்களூர்ல இருந்து வர்ற மூணு பேருக்கு ஒரு நாள் தருமபுரியைச் சுத்திக் காட்டணும். நல்ல கடையா பாத்து சாப்பாடு வாங்கித் தரணும். சாயங்காலம் எங்கம்மா வூட்டுக்குக் கூட்டிட்டுப் போய் காப்பி குடுத்து அனுப்பணும்.

அவ்ளோதான்! இதுல கெட்டுப்போறதுக்கு என்ன இருக்குன்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

வந்தவங்க சும்மா ஊர் பாக்க வந்தவங்க இல்ல. என் தம்பி அருளுக்குப் பேசிட்டு இருக்கிற பொண்ணு ஷீபா, அப்புறம் அவங்க அப்பா, அம்மா. அருள் இங்க ஆஸ்பத்திரில லேப் டெக்னீஷியன். நல்ல பையன், குடி கிடையாது, சம்பளம் இருக்குது. ஆனா வந்த சம்பந்தம் எல்லாம் ஒரே கேள்வில திரும்பிப் போயிடுச்சு. "தருமபுரியா? அங்க என்னங்க இருக்கு?"

ஷீபா நர்ஸ். ரெண்டு பேரும் போன்ல பேசி, ஒருத்தரை ஒருத்தருக்குப் பிடிச்சுப்போச்சு. பொண்ணோட அம்மாதான் ஒரு நிபந்தனை போட்டாங்க. "கல்யாணம் ஆனா எம்பொண்ணு வேலையை விட்டுட்டு அங்க வரணும். ஊரை ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு பதில் சொல்றோம். வீட்ல சமைச்சு கஷ்டப்படாதீங்க, வெளிய சாப்ட்டுக்கலாம்."

வூட்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

காரணம் இருக்குது. நான் ஃபேஸ்புக்ல 'சகாயத்தின் தட்டு'ன்னு ஒரு பக்கம் நடத்தறேன். தருமபுரில எந்தச் சந்துல எந்தக் கடையில கறி நல்லா வெந்திருக்கும்னு என்னைக் கேட்டாப் போதும். சாப்புடுவேன், போட்டோ எடுப்பேன், 'வேற லெவல்'னு எழுதுவேன். எனக்குத் தெரிஞ்சதே அந்த ரெண்டு வார்த்தைதான். அதை வெச்சே என்னை ஒரு நிபுணர்னு இந்த ஜில்லா நம்பிட்டு இருக்குது.

"அக்கா, எல்லாம் உன் கையிலதான் இருக்கு"ன்னு அருள் சொன்னான். அப்பவே அவன் பயந்திருக்கணும்.

உக்காந்து ஒரு லிஸ்ட் போட்டேன். காலைல பஸ் ஸ்டாண்டு பக்கம் பழனி அண்ணன் கடையில இட்லியும் குடல் குழம்பும். அப்புறம் மார்க்கெட். மத்தியானம் மட்டன் பிரியாணி. சாயங்காலம் நாட்டுக்கோழி வறுவல். நடுவுல செரிமானத்துக்காக ஒரு அருவி.

ஷீபாவுக்கு லீவு வெள்ளிக்கிழமை. "அப்ப வெள்ளிக்கிழமையே வந்துடுங்க"ன்னு நான்தான் சொன்னேன். நானே என் வாயால சொன்னேன்!

அன்னைக்குக் காலைல ஆறு மணிக்கெல்லாம் தனியா பழனி அண்ணன் கடைக்குப் போயிட்டேன். விருந்தாளிக்கு வாங்கித் தர்றதுக்கு முன்னாடி ருசி பாக்கறது ஒரு கடமை இல்லையா? கடமையை நாலு இட்லியோட செஞ்சேன். இட்லியைப் புட்டு குடல்ல முக்கற மாதிரி, கை மட்டும் தெரிய ஒரு போட்டோ. எடுத்த சூட்டோட பக்கத்துல போட்டுட்டு, வாயைத் தொடைச்சுட்டு வந்துட்டேன்.

அருள் ஃப்ரெண்டோட காரை வாங்கிட்டு வந்தான். ஸ்டேஷனுக்குப் போனோம்.

ரயில் வந்துச்சு. முதல்ல ஷீபா இறங்குச்சு, சிரிச்ச மொகம். பின்னாடி அவங்கப்பா, ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், வயிறு அவருக்கு ஒரு அடி முன்னாடி நடந்து வந்துச்சு. கடைசியா அவங்கம்மா. கையில ஜெபமாலை.

ஆன்ட்டி பிளாட்பாரத்துல காலை வெச்சதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

"சகாயம், இன்னைக்கு சுத்தபோசனம்மா. உனக்கு வேலை கம்மி, இல்ல?"

எனக்கு வயித்துல இருந்த நாலு இட்லியும் ஒண்ணா எந்திரிச்சு நின்னுச்சு.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நாங்க கத்தோலிக்கர். ஈஸ்டருக்கு முன்னாடி நாப்பது நாள் தவக்காலம். அதுல வர்ற வெள்ளிக்கிழமை எல்லாம் சுத்தபோசனம். கறி தொடக்கூடாது. மீன் பரவால்ல. இது எங்க வேதத்துல ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கும் தெரியும். ஊருக்கெல்லாம் சாப்பாடு சொல்லித் தர்ற சகாயமேரிக்கு மட்டும் மறந்துபோச்சு!

எங்கம்மாவுக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆனா லிஸ்ட்டை அவங்ககிட்ட காட்டல. நிபுணர் யாருகிட்டயாவது காட்டுவாங்களா?

"ஆமாங்க ஆன்ட்டி, அதை மனசுல வெச்சுதான் லிஸ்ட்டே போட்டிருக்கேன்"னேன்.

பொய் நம்பர் ஒண்ணு. அருள் என்னைப் பாத்தான். அந்த லிஸ்ட் அவன் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

"பசிக்குதும்மா, மொதல்ல எங்க?"ன்னு அங்கிள் கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச சைவக் கடை ஒண்ணுகூட இல்ல. கார் பழகின வழியில போய் பழனி அண்ணன் கடை முன்னாடி நின்னுடுச்சு. சரி, இட்லி சட்னி வாங்கித் தந்து சமாளிச்சுடலாம்னு இறங்கினேன்.

பழனி அண்ணன் கல்லாவுல இருந்தே கத்தினாரு.

"வாங்க மேடம்! காலைல சாப்ட்ட குடல் பத்தலியா? திரும்ப வந்துட்டீங்க!"

நான் கண்ணைக் காட்டறேன், புருவத்தை ஏத்தறேன், உதட்டைக் கடிக்கறேன். மனுஷன் ஒண்ணும் புரிஞ்சுக்கல. "கண்ணுல தூசி விழுந்துடுச்சுங்களா மேடம்?"ங்கறாரு.

ஆன்ட்டி அமைதியா கேட்டாங்க. "காலைல இங்க வந்தியாம்மா?"

"எனக்கில்லீங்க ஆன்ட்டி! அது... அம்மா வூட்டு நாய்க்கு வாங்கினேன்."

எங்கம்மா வூட்ல நாய் கிடையாது. இதுவரைக்கும் இருந்ததும் கிடையாது. வாய் எங்க இருந்து நாயைப் புடிச்சுட்டு வந்துச்சுன்னு எனக்கு இன்னும் தெரியல.

இட்லியும் தேங்காச் சட்னியும் சாப்ட்டோம். அங்கிள் பக்கத்து டேபிள் குடலைப் பாத்துட்டே எட்டு இட்லி சாப்ட்டாரு. திரும்பக் கார்ல ஏறினதும் ஆன்ட்டி ஆரம்பிச்சாங்க.

"நாய் பேரு என்னம்மா?"

ஜன்னல்ல பாத்தேன். ஒரு மளிகைக்கடை போர்டு.

"மணிங்க ஆன்ட்டி."

"அய்யய்யோ. எங்க ஷீபாவுக்கு நாய்ன்னா உசுரே போயிடும்மா. சின்ன வயசுல கடிச்சிருச்சு. நாய் இருக்கிற வீட்ல எப்படிம்மா பொண்ணைக் குடுக்கறது?"

கார் ஒரு குலுங்கு குலுங்குச்சு. அருள் பிரேக்கை மிதிச்சுட்டான். கண்ணாடில அவன் மொகத்தைப் பாத்தேன். எத்தனையோ சம்பந்தம் தாண்டி ஒரு பொண்ணு அவனைப் பாத்து சிரிச்சிருக்குது. அதை ஒரு இல்லாத நாய் கடிச்சுட்டுப் போவுது!

"அது கெழட்டு நாய்ங்க ஆன்ட்டி. பல்லே கிடையாது."

"பல்லு இல்லாத நாய் குடல் எப்படிம்மா திங்கும்?"

"பழனி அண்ணன் கடையில நல்லா வேக வெப்பாருங்க."

ஒரு உணவு விமர்சகரா நான் சொன்ன ஒரே உண்மை அன்னைக்கு அதுதான்.

மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். புளி மூட்டையைக் காட்டி, "எங்க ஊர் புளிங்க, பேர் போனது"ன்னேன். "ஹௌதா, அப்படியா? எங்க தெருக் கடையிலயும் இதேதான் விக்கறான்"னாரு அங்கிள். தட்டை மாதிரி இருக்கிற நிப்பட்டைக் காட்டினேன். "இது எங்க ஊர்ல பொறந்ததும்மா"ன்னாரு. ஊர்ப் பெருமைக்கு அதோட ரெண்டு விக்கெட் போச்சு.

மத்தியானம் வேற வழி தெரியாம பிரியாணிக் கடைக்கே போனோம். வாசல்ல வாசனை ஆளைத் தூக்குது. "இங்க குஸ்கா நல்லா இருக்குங்க ஆன்ட்டி, பீஸ் இல்லாத சோறுதான்"னேன்.

"கறியோட வெந்த சோறுதானேம்மா?"

அங்கிள் ஆர்வமா குறுக்க வந்தாரு. "கறியை எடுத்துட்டா பாவமும் அதோட போயிடும்ல?"

"வாசனை போவுமா?"ன்னாங்க ஆன்ட்டி.

 கடைக்காரர் எங்களைப் பாத்து, "உள்ள வர்றீங்களா, இல்ல வாசல்லயே பிரசங்கம் வெக்கறீங்களா?"ன்னாரு.

அப்பதான் மண்டையில பல்பு எரிஞ்சுச்சு. மீன்! மீன் பரவால்லையே! ஒகேனக்கல்! அருவிக்கு அருவி, மீனுக்கு மீன்!

பென்னாகரம் வழியா விட்டோம். பசில யாரும் பேசல. அங்கிள் வயிறு மட்டும் பேசிட்டு வந்துச்சு.

ஒகேனக்கல்ல அருவின்னு நான் போட்டோவுல காட்டினது ஆடி மாசத்து வெள்ளம். இப்ப பாறைக்கு நடுவுல தண்ணி ரெண்டு கோடு போட்ட மாதிரி ஒழுகிட்டு இருந்துச்சு. "இதானாம்மா?"ன்னு அங்கிள் கேட்டாரு. "அமைதியான சீசன்ங்க"ன்னேன்.

பரிசல்ல ஏறினோம். நடு ஆத்துல பரிசல்காரர் சும்மா ஒரு சுத்து சுத்திக் காட்டினாரு. ஷீபா கைகொட்டி சிரிச்சுச்சு. அருளும் சிரிச்சான். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நெறஞ்சுபோச்சு, உண்மையாத்தான் சொல்றேன். அடுத்த நிமிஷம் குடல் தொண்டைக்கு வந்துடுச்சு. பரிசல்ல சுத்தறதுன்னா காலைல சைவம்தான் சாப்ட்டிருக்கணும் போல!

கரையில மீனை வாங்கிக் குடுத்தா அங்கயே சமைச்சுத் தர்ற அக்காங்க இருக்காங்க. சுடச்சுட வறுத்த மீன், குழம்பு, சோறு. நாள் முழுக்க முதல் தடவையா எல்லாரும் வாயார சாப்ட்டாங்க. ஆன்ட்டிகூட, "மீன் நல்லா இருக்கும்மா"ன்னாங்க. தப்பிச்சோம்டா சாமின்னு நெனைக்கறேன், ஒரு நாய் வாலை ஆட்டிட்டு ஷீபாகிட்ட வந்துச்சு.

ஷீபா பாட்டுக்கு ஒரு மீன் துண்டைப் பிச்சு அதுக்குப் போட்டுச்சு. ஆன்ட்டி முழங்கையால ஒரு இடி இடிச்சாங்க. அப்புறம்தான் ஷீபா "ஐயோ நாய்!"னு கத்திட்டு பெஞ்சு மேல ஏறுச்சு. பாவம், பயம் கொஞ்சம் லேட்டா வரும் போலன்னு நெனச்சேன்.

அருள் என்னைக் கை கழுவற எடத்துக்கு இழுத்துட்டுப் போனான்.

"அக்கா, அந்த நாயை ஒழிச்சுடு."

"எப்படிடா?"

"கொண்டாந்தது நீதானே? நீயே பாத்துக்க."

போனைக் காதுல வெச்சேன். அங்க சிக்னலே கிடையாது. இருந்தாலும் ரெண்டு தடவை "அய்யோ"ன்னேன். மொகத்தைத் தொங்கப்போட்டுட்டு வந்து உக்காந்தேன்.

"ஆன்ட்டி, அம்மா போன் பண்ணாங்க. மணி செத்துட்டானாம்."

அங்கிள் டக்குன்னு ஆத்துப் பக்கம் திரும்பிட்டாரு. தோள் குலுங்குச்சு. மனுஷனுக்கு எவ்ளோ இளகின மனசு, முன்ன பின்ன பாக்காத நாய்க்கு அழறாரேன்னு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

"எப்படிம்மா செத்துச்சு?"ன்னாங்க ஆன்ட்டி.

"வயசுங்க."

"காலைல குடல் தின்ன நாய்தானே?" ஆன்ட்டி மெல்ல வயித்தைப் புடிச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, நாமளும் அந்தக் கடை இட்லிதானே சாப்ட்டோம்?"

இதை நான் யோசிக்கல! ஒரு நாயை ஒழிக்கப் போய், நானே அஞ்சு வருஷமா தூக்கி வெச்ச பழனி அண்ணன் கடையை ஒழிச்சுட்டேன்.

"இல்லீங்க, குடல் இல்லீங்க, வண்டில அடிபட்டு..."

"வயசுன்னியே?"

"வயசானதால வண்டி வர்றது தெரியலீங்க."

ஆன்ட்டி பெருமூச்சு விட்டாங்க. எந்திரிச்சு காருக்கு நடந்தாங்க. திரும்பி வர்ற வழி முழுக்க நான் செத்த மணிக்காக கடவுளுக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன்.

டவுனுக்குள்ள நுழைஞ்சதும் ஆன்ட்டி, "தம்பி, பூக்கடைல நிறுத்துப்பா"ன்னாங்க.

"எதுக்குங்க ஆன்ட்டி?"

"துக்க வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாதும்மா."

இறங்கிப் போய் மாலை வாங்கினாங்க. சும்மா மாலை இல்ல. நல்லா கனமான சம்பங்கி மாலை, நடுவுல ரோஜா. எங்க சொந்தத்துல மனுஷங்களுக்கே யாரும் இப்படி வாங்கினதில்ல. நான் எங்கம்மாவுக்கு போன் போட்டேன், எடுக்கல. திரும்பப் போட்டேன். எடுக்கல. தவக்கால வெள்ளிக்கு நடக்கற சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கோவிலுக்குப் போயிருந்தாங்க. வூட்ல எல்லாரும் ஒழுங்காத்தான் இருக்காங்க, என்னைத் தவிர.

நாங்க போய் நிக்கவும் அம்மா கோவில்ல இருந்து வந்து கதவைத் தொறக்கவும் சரியா இருந்துச்சு.

அம்மா ஆன்ட்டி மொகத்தைப் பாக்கல. கையில இருந்த மாலையைப் பாத்தாங்க.

"ஆண்டவரே! ஒத்துக்கிட்டீங்களா?"

அவ்ளோதான். மாலையைப் புடுங்காத குறையா வாங்கி, அருள் கழுத்துல போட்டுட்டாங்க! அவன் கண்ணை மூடிட்டு நின்னான்.

"அம்மா! அது மணிக்கும்மா!"ன்னு கத்தினேன்.

"எந்த மணி?"

"நம்ம மணி. நாய் மணி."

"நம்மகிட்ட ஏதுடி நாய்?"

 எனக்கு அந்த எடத்துலயே பூமி பொளக்காதான்னு இருந்துச்சு. அருள் பக்கம் திரும்ப தைரியம் வரல. பூவை வேற போட்டுட்டு நிக்கறான் பாவம்.

ஆன்ட்டி நிதானமா சேர்ல உக்காந்தாங்க. "ஏங்க, அந்தப் போட்டோவைக் காட்டுங்க"ன்னாங்க.

அங்கிள் போனை நீட்டினாரு. 'சகாயத்தின் தட்டு'. காலைல ஆறு மணிக்குப் போட்ட போட்டோ. 'சுடச்சுட குடல்! வெள்ளிக்கிழமையை இதோட ஆரம்பிங்க மக்களே, வேற லெவல்!' இட்லியைப் புட்டு முக்கற கை. அந்தக் கை விரல்ல பளபளன்னு, சின்னச் சிலுவையும் பத்து மணியும் வெச்ச என் ஜெபமாலை மோதிரம். இப்பவும் அது என் விரல்லதான் இருந்துச்சு.

"இவரு உன் பக்கத்தை எப்பவோ ஃபாலோ பண்ண ஆரம்பிச்சுட்டாரும்மா. காலைல ரயில்ல இதைப் பாத்து எச்சில் முழுங்கிட்டு இருந்தாரு. என்னான்னு எட்டிப் பாத்தேன்" ஆன்ட்டி படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தாங்க. "உங்க மணிக்கு ஜெபமாலை மோதிரம் நல்லா பொருத்தமா இருக்கும்மா."

அங்கிள் தோள் திரும்பக் குலுங்குச்சு. ஒகேனக்கல்ல அவர் அழுவலன்னு அப்பதான் புரிஞ்சுச்சு.

எனக்கு நிஜமாவே அழுகை வந்துடுச்சு. "ஆன்ட்டி, தப்பு பூரா என்னோடதுங்க. தவக்காலம்ங்கறதே மறந்துட்டேன். அருள்மேல எந்தத் தப்பும் இல்லீங்க. என்னை வெச்சு அவனை வேண்டாம்னு சொல்லிடாதீங்க."

"எதுக்கும்மா அழறே? நான் எத்தனையோ குடும்பம் பாத்திருக்கேன். இவ்ளோ மோசமா பொய் சொல்ற குடும்பத்தைப் பாத்ததே இல்ல. உங்களால ஒரு நாயைக்கூட ஒரு நாள் முழுசா ஒளிச்சு வெக்க முடியல. எம்பொண்ணுகிட்ட என்னத்தை ஒளிச்சுடப் போறீங்க? எனக்கு அது போதும்."

"அப்ப ஷீபாவுக்கு நாய்ன்னா பயம்னு சொன்னது?"

"எங்க வீட்ல ரெண்டு நாய் இருக்கு. இவதான் குளிப்பாட்டுவா."

ஷீபா என்னைப் பாத்து, "சாரிக்கா"ன்னுச்சு. கொஞ்சம்கூட வருத்தமில்லாத சாரி.

"அப்ப அந்த மாலை?"

"செத்த நாய்க்கு யாராச்சும் சம்பங்கில மாலை வாங்குவாங்களாம்மா? மாப்பிள்ளைக்குத்தான் வாங்கினேன். உங்கம்மாதான் முந்திட்டாங்க."

அருள் அப்பதான் கண்ணைத் தொறந்தான். அம்மா காப்பி போட உள்ள ஓடினாங்க. போற வழியில என் தலையில நறுக்குன்னு ஒரு கொட்டு, வெள்ளிக்கிழமை குடலுக்காக.

ஆன்ட்டி எனக்கு ஒரு தண்டனையும் குடுத்துட்டுப் போனாங்க. ஈஸ்டர் வரைக்கும் 'சகாயத்தின் தட்டு'ல களியும் கீரையும் மட்டும்தான். கிளம்பறப்ப அங்கிள் பின்தங்கி வந்து, காதுகிட்ட ரகசியமா கேட்டாரு. "ஈஸ்டர் அன்னைக்கு பழனி கடை தொறந்திருக்குமாம்மா?"

நான் கத்துக்கிட்டது இதுதான் மக்களே: நாய் பேர்ல குடல் சாப்புடறதா இருந்தா, மோதிரத்தைக் கழட்டி வெச்சுட்டு சாப்புடுங்க.